பெண் நாய்க்குச் சொட்டுச் சொட்டாக இளஞ்சிவப்பு நிறத்தில் சிறுநீர்: இது தொற்றுதானா?

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் செம்பிக்கு ஆறு வயது ஆகிறது. நாட்டு இனமும் லாப்ரடாரும் கலந்த பெண் நாய். கருத்தடை அறுவை செய்யவில்லை. சென்ற மாதம்தான் பருவத்துக்கு வந்து போனாள். வழக்கமாகக் காலையிலும் மாலையிலும் வெளியே அழைத்துச் சென்றால் ஒரே தடவையில் சிறுநீர் கழித்துவிட்டு வருபவள், இப்போது பத்தடிக்கு ஒருமுறை குந்துகிறாள். நெடுநேரம் முக்கியும் வருவதென்னவோ சில சொட்டுகள்தான். வீட்டுக்குள் ஒருபோதும் அசுத்தம் செய்யாதவள், இரவில் கூடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டு ஓரமாகப் போய் ஒதுங்கி நிற்கிறாள். வெள்ளைத் தரையில் துடைத்தபோது துணியில் இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தது. பிறப்புறுப்பை ஓயாமல் நக்கிக்கொண்டே இருக்கிறாள்.

சாப்பாடு குறையவில்லை, வாந்தியும் இல்லை. தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பதுபோல் தோன்றுகிறது. கோடை வெயிலாலா, நோயாலா என்று பிரித்தறிய முடியவில்லை. இது நீர்க்கடுப்பு என்றும், இளநீரும் சீரகத் தண்ணீரும் கொடுத்தால் போதும் என்றும் அம்மா சொல்கிறார். தெருமுனை மருந்துக் கடையில், மனிதர்களுக்குக் கொடுக்கும் சிறுநீர்த் தொற்று மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லத்தான் போகிறோம். அதற்கு முன் என்னென்ன கவனிக்க வேண்டும், எந்தப் பரிசோதனைகளைக் கேட்க வேண்டும், எந்த அறிகுறி தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: லாஸ்பேட்டை அன்பர், புதுச்சேரி

சகோதரி, முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்திலோ வெள்ளைத் துணியிலோ சிறுநீர் படும்படி செய்து, அதன் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆண் நாய்க்குச் சிறுநீர் பழுப்புச் சிவப்பாக மாறியபோது அக்கம்பக்கத்தார் அனைவரும் சிறுநீர்த் தொற்று என்றே சொன்னார்கள். மருத்துவர் சிறுநீரை மையவிலக்கியில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசிந்திருந்தால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். ஆனால் எங்கள் நாயின் சிறுநீர் சுழற்றிய பிறகும் முழுவதும் சிவப்பாகவே இருந்தது. உண்ணிகள் பரப்பும் பபேசியா என்ற ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்ததால் வந்த நிறம் அது. ஆகவே காதுமடல், கழுத்துப் பட்டையின் அடிப்பகுதி, கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஈறுகள் வெளுத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். வெளுத்த ஈறும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை தேவை.

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர், கடலூர் மாவட்டம்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிறுநீர்ப்பை அழற்சியின் அடையாளங்கள் தெளிவாகவே இருக்கின்றன. அடிக்கடி குந்துவது, குறைந்த அளவே வருவது, முக்குவது, இளஞ்சிவப்பு நிறம், நக்குவது ஆகிய ஐந்தும் சிறுநீர்ப்பை உறுத்தலைக் காட்டுகின்றன. ஆனால் உறுத்தலுக்குக் காரணம் பாக்டீரியாவா, கல்லா, கட்டியா என்பதை இந்த அடையாளங்கள் சொல்லமாட்டா. பெண் நாய்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் பாக்டீரியா மேலேறுவது எளிது. அதனால் தொற்று என்ற ஊகத்துக்கு இடம் உண்டு. எனினும் உங்கள் பதிவில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவை இரண்டு செய்திகள்: கருத்தடை செய்யாத நாய் என்பதும், சென்ற மாதம் பருவம் முடிந்தது என்பதும்.

பருவம் முடிந்த பிறகு நான்கிலிருந்து எட்டு வாரங்களுக்குள் கருப்பையில் சீழ் கட்டும் நோய், அதாவது பயோமெட்ரா, வருவதற்கு அதிக வாய்ப்பு உள்ளது. அந்நோயில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும், சோர்ந்து படுக்கும், சாப்பாட்டை மறுக்கும், வாந்தி எடுக்கலாம். கருப்பை வாய் திறந்திருந்தால் சீழோ இரத்தம் கலந்த நீரோ கசிவதால், நாய் அதையே நக்கிக்கொண்டிருக்கும். மூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. அதுவே இன்னும் ஆபத்தானது. செம்பி நன்றாகச் சாப்பிடுவதும், ஒவ்வொரு முறையும் சில சொட்டுகளே வருவதும் நல்ல செய்திதான். ஆனால் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதாக நீங்கள் ஐயப்படுவதால், வயிற்று ஸ்கேன் எடுக்காமல் கருப்பை நலமாக இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பயோமெட்ராவுக்கு முதன்மையான சிகிச்சை கருப்பையை அகற்றும் அறுவைதான். அதைச் சிறுநீர்த் தொற்று என்று எண்ணி மாத்திரையில் நாள் கடத்தினால் நஞ்சு இரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை, முதலில் ஸ்கேன், அடுத்துச் சிறுநீர்ப் பரிசோதனை, தேவையெனில் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. கல்ச்சருக்கு மிகவும் நம்பகமான மாதிரி, வயிற்றின் வழியே மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக உறிஞ்சி எடுப்பதுதான். கேட்கப் பயமாக இருந்தாலும், பழகிய மருத்துவர் செய்யும்போது பெரும்பாலான நாய்கள் ஊசி போட்டதைப் போலவே தாங்கிக்கொள்கின்றன. ஆனால் கருப்பையில் சீழ் இருக்கும் நாய்க்கு ஸ்கேன் பார்க்காமல் ஊசியைச் செலுத்தினால் சீழ் வயிற்றுக்குள் கசிந்துவிடக்கூடும். பிறப்புறுப்பு வழியே பிடித்த சிறுநீரிலோ கருப்பைச் சீழும் கலந்து வரலாம் என்பதால், அதில் தெரியும் சீழணுக்களைச் சிறுநீர்த் தொற்றின் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

கடையில் சொன்ன பாதி மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கல்ச்சருக்கு முன் ஆன்டிபயாடிக் கொடுத்தால், பாக்டீரியா உள்ளே இருந்தும் ஆய்வகத்தில் வளராமல் போகும். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அறியும் வாய்ப்பும் போய்விடும். மேலும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மனிதர் மருந்து நாயின் குடலில் ஒரே சீராக உறிஞ்சப்படுவதில்லை. ஒரு நாய்க்குப் போதுமான அளவு இன்னொன்றுக்குப் போதாமல், பாக்டீரியாவுக்கு எதிர்ப்புத் திறனைக் கற்றுக்கொடுப்பதாகவே முடியும். துணை விலங்குகளின் தொற்றுநோய்களுக்கான சர்வதேசச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எப்போதாவது வரும் எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அமாக்சிசிலின் போன்ற முதல்நிலை மருந்தை 3 முதல் 5 நாட்கள் கொடுத்தால் பெரும்பாலும் போதும் என்கிறது. வலிமை மிக்க மருந்துகளைத் தேவைப்படும் நாய்களுக்காகச் சேமித்து வைப்பது நம் எல்லோருடைய கடமை. வலிக்கிறதே என்று பாராசிட்டமாலோ, இபுப்ரோஃபெனோ, டைக்ளோஃபெனாக்கோ கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்றே உள்ள வலிமருந்தை மருத்துவர் தருவார்.

உங்கள் அம்மா சொன்ன வைத்தியத்தில், நிறையத் தண்ணீர் உள்ளே போக வேண்டும் என்ற கருத்து சரியே. சோற்றில் கூடுதலாகத் தண்ணீர் கலந்து கொடுக்கலாம், பல இடங்களில் கிண்ணங்கள் வைக்கலாம், அடிக்கடி வெளியே அழைத்துச் சென்று சிறுநீரை அடக்கி வைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இளநீரும் சீரகமும் பாக்டீரியாவைக் கொல்லமாட்டா. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீர் அடைப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ள நாய்க்கு அது தீங்காகிவிடும். பரிசோதனை முடியும்வரை வெறும் தண்ணீரே நல்லது.

ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாத நிலை எது என்று கேட்டீர்கள். முக்கிக்கொண்டே இருந்தும் ஒரு சொட்டும் வராதது, வயிறு இறுகி உப்பித் தொட்டால் வலிப்பது, வாந்தியும் தள்ளாட்டமும், வெளுத்த ஈறு, சீழ் போன்ற கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இரவு என்றும் பாராமல் கிளம்புங்கள். ஆண் நாய் வைத்திருப்பவர்கள் முதலாவதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். அவற்றின் ஆண்குறியில் உள்ள எலும்பின் அருகே, சிறுநீர்க் குழாயில் சிறு கல்லும் சிக்கி முழுவதும் அடைத்துவிடும்.

மழைக்காலத்தில் இதே கேள்வியோடு வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். 2015-இலும் 2024-இலும் நம் மாவட்டம் எத்தகைய வெள்ளத்தைப் பார்த்தது என்று தெரியும். தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா பரவும். அது நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் தொற்றும். காய்ச்சல், மஞ்சள் பூத்த கண், வாந்தி இவற்றோடு சிறுநீர் மாற்றமும் இருந்தால் கையுறை அணியாமல் தரையைத் துடைக்காதீர்கள். ஆண்டுதோறும் போடும் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: வில்லியனூர்க்காரர்

சிறுநீர் பிடிப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பலரும் தடுமாறுவது அதில்தான். மருந்துக் கடையில் கிடைக்கும் மூடியுள்ள பரிசோதனை டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெண் நாய் தாழ்ந்து குந்துவதால் டப்பாவை நேரே நீட்டினால் எழுந்துவிடும். வெந்நீரில் நன்கு கழுவிக் காயவைத்த எவர்சில்வர் குழிக்கரண்டியைப் பின்னாலிருந்து மெல்ல நீட்டி, முதல் சில சொட்டுகளை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து டப்பாவில் ஊற்றுங்கள். தரையில் கிடப்பதை உறிஞ்சி எடுத்துச் செல்வதில் பயனில்லை. காலையில் முதலில் வருவது அடர்த்தியானது என்பதால் அதுவே நல்லது. செம்பிக்குச் சில சொட்டுகளே வருகின்றன என்பதால், பிடிக்க முடியாவிட்டால் வருந்த வேண்டாம், மருத்துவரே எடுத்துக்கொள்வார்.

பிடித்ததை ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது மிகவும் நல்லது. முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. ஆனால் குளிர்ந்த சிறுநீரில் படிகங்கள் தாமாகவே உருவாகும். எனவே எப்போது பிடித்தது, குளிரில் வைத்ததா என்பதை டப்பாவின் மேல் எழுதிக் கொடுங்கள். மனிதர்களுக்கான சோதனைப் பட்டையை வாங்கி வீட்டில் நனைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதில் வெள்ளணுவைக் காட்டும் கட்டத்தையும் அடர்த்தியைக் காட்டும் கட்டத்தையும் நாய்க்கு நம்ப முடியாது. அருகில் ஸ்கேன் வசதி இல்லையென்றால், புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையைக் கேட்டுப் பாருங்கள்; கடலூரிலிருந்து காலையில் கிளம்பினால் எட்டிவிடும் தூரம்தான்.

கேள்வியாளர் மீண்டும்: மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்கேனில் கருப்பை இயல்பாக இருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டபிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஆனால் சிறுநீர்ப்பையில் சிறிய கற்கள் தெரிந்தன, எக்ஸ்ரேயிலும் தெரிகின்றன. சிறுநீரின் காரத்தன்மை மிகுதியாக இருப்பதாகவும், ஸ்ட்ரூவைட் படிகங்கள் நிறைய இருப்பதாகவும் சொன்னார்கள். கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. அறுவை இப்போது வேண்டாம் என்று கூறி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக்கும், கல்லைக் கரைக்கும் சிறப்பு உணவும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த உணவின் விலை அதிகம். பாதி அதையும் பாதி வழக்கமான தயிர்ச் சோறும் கோழியும் கலந்து கொடுக்கலாமா? செம்பி இப்போது சாதாரணமாகச் சிறுநீர் கழிக்கிறாள், மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: ஓய்வு பெற்ற கால்நடை உதவி மருத்துவர்

கருப்பை நலமாக இருப்பது பெரும் ஆறுதல், அம்மா. இரண்டு கேள்விக்கும் பதில், கூடாது என்பதே. காரணத்தையும் சொல்கிறேன்.

நாய்களில் ஸ்ட்ரூவைட் கல் பெரும்பாலும் தொற்றினால்தான் உருவாகிறது. இந்த வகைப் பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது; சிறுநீர் காரமாகிறது; அந்தக் காரத்தில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியமும் சேர்ந்து கல்லாகப் படிகின்றன. கல்லின் அடுக்குகளுக்குள்ளேயே பாக்டீரியாவும் சிறைப்பட்டுக் கிடக்கும். கல் கரையக் கரைய அவை வெளியே வரும் என்பதால், அடையாளங்கள் நின்றவுடன் மருந்தை நிறுத்தினால் மறுபடி தொற்றிக்கொள்ளும். நான் மேலே சொன்ன 3 முதல் 5 நாள் கணக்கு கல் இல்லாத எளிய தொற்றுக்கு உரியது. செம்பிக்கு எத்தனை நாள் என்பதை, கல் கரையும் வேகத்தைப் பார்த்து உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தச் சிறப்பு உணவு புரதத்தையும் மெக்னீசியத்தையும் பாஸ்பரஸையும் குறைத்து, சிறுநீரைச் சற்று அமிலமாக்கி, தாகத்தைத் தூண்டிச் சிறுநீரை நீர்க்கச் செய்கிறது. அந்த உணவு குறைத்ததை எல்லாம் தயிரும் கோழியும் திரும்பக் கொடுத்துவிடும். பாதிப் பாதி கலந்தால் செலவும் ஆகும், கல்லும் கரையாது. குழந்தைகள் ஊட்டும் பிஸ்கட்டையும் இந்தக் காலத்தில் நிறுத்திவிடுங்கள். இது வாழ்நாள் உணவு அன்று; கல் கரைந்து முடியும்வரை மட்டுமே. இதில் கொழுப்பும் உப்பும் கூடுதலாக இருப்பதால், கணையம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு உள்ள நாய்க்கோ சினையாக உள்ள நாய்க்கோ இதைக் கொடுப்பதில்லை. செம்பிக்கு இரத்தப் பரிசோதனை செய்யவில்லையென்றால் அடுத்த முறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துக் கற்களின் அளவை ஒப்பிடுவார்கள். கரையவே இல்லை என்றால் அது கால்சியம் ஆக்சலேட் போன்ற வேறு வகைக் கல்லாக இருக்கலாம். அந்த வகை உணவால் கரையாது, எடுத்துத்தான் ஆக வேண்டும். கற்கள் கரைந்து உடல் தேறிய பின், அடுத்த பருவம் வருவதற்கு முன்பாகவே கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசிவிடுங்கள். இம்முறை கருப்பை தப்பியது உண்மை, ஆனால் ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் பயோமெட்ரா பயம் திரும்ப வரும். வயது ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும். எக்ஸ்ரேக்குச் செல்லும்போது இப்போது எடுத்த படத்தையும் கல்ச்சர் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.