ஜாஸ் பியானோ கலைஞர் பேரி ஹாரிஸை நேரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? அனுபவத்தை எழுதுங்கள்

ஹட்சன்கரை:
நியூயார்க் மன்ஹாட்டனில் அவர் நடத்திய செவ்வாய்க்கிழமை வகுப்பில்தான் பார்த்தேன். பியானோவைச் சுற்றி ஒரே கூட்டம், எட்டிப் பார்த்தால்தான் விரல் தெரியும். எண்பதைத் தாண்டிய மனிதர் ஒரு டிமினிஷ்ட் கார்டை, அதாவது சம இடைவெளியில் உள்ள நாலு சுரங்களை ஒன்றாகப் பிடித்தார்: சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட். சி ஷார்ப்பை மட்டும் அரைச்சுரம் இறக்கினார், சி செவன்த் என்ற கார்டு வந்து நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பி ஈ-யை இறக்கினார், ஈ ஃபிளாட் செவன்த். அடுத்து ஜி-யை இறக்கினால் எஃப் ஷார்ப் செவன்த், கடைசியாக பி ஃபிளாட்டை இறக்கினால் ஏ செவன்த். கை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இந்த நாலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். இதை ஏன் எனக்கு யாரும் முதலிலேயே காட்டவில்லை என்று இன்றும் ஆறவில்லை.

டிரம்ஸ்காரன்:
எல்லோரும் அவரை வாத்தியாராகவே பேசுகிறீர்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1963-இல் பதிவான, டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' இசைத்தட்டில் பியானோ யார்? சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸின் கடைசி வருடங்களில் கூட வாசித்தது யார்? நான் கேட்டது ஒரு கிளப்பில். நடுவில் நிறுத்தி, ஆளுக்கொரு எண் சொல்லச் சொன்னார். பக்கத்து மேஜை அம்மா "ஐந்து" என்றார், பின்னாலிருந்து யாரோ "மூன்று". அந்த எண்களையே சுரமாக்கி அங்கேயே ஒரு மெட்டு கட்டினார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இதை வகுப்பில் யாரும் சொல்லித்தர முடியாது.

எட்டாம்சுரம்:
நான் பார்த்தது கொரோனா காலத்து ஜூம் வகுப்பில் மட்டும். தொண்ணூறு வயதில் ஒவ்வொரு வரியையும் பாடிக்காட்டிவிட்டுத்தான் கட்டையைத் தொட்டார்.

புதிதாக வருபவர்களுக்கு ஒன்று. யூடியூபில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மேஜர் ஸ்கேலில், அதாவது நம் சங்கராபரணத்தின் சுர வரிசையில், ஐந்தாம் சுரத்துக்கும் ஆறாம் சுரத்துக்கும் நடுவே ஒரு சுரம் சேருங்கள்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், ஏ, பி. மொத்தம் எட்டு. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் சி சிக்ஸ்த் கார்டு, மிச்சமிருப்பது பி டிமினிஷ்ட் கார்டு. இரண்டையும் மாற்றி மாற்றி ஏறி இறங்குங்கள். அவசரமே வேண்டாம், ஒரு வாரத்துக்கு ஒரு ஸ்ருதி போதும். முதலில் இரண்டு கையாலும், அப்புறம் இடது கையால் மட்டும். பன்னிரண்டு ஸ்ருதியும் முடியும்வரை வேறு புத்தகத்தைத் திறக்காதீர்கள். பாடிக்கொண்டே வாசியுங்கள். தாளம் காட்டும் மெட்ரோனோமின் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

ஹட்சன்கரை:
டிரம்ஸ்காரன் அண்ணா, வாத்தியாரையும் வித்வானையும் ஏன் பிரிக்கிறீர்கள்? டெட்ராய்ட்டில் இளைஞராக இருந்தபோதே வீட்டில் சொல்லிக்கொடுத்தவர். சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் மக்பர்சன் அங்கே கற்றவர்தானே. 1982-இல் நியூயார்க்கில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் தொடங்கினார், 1987 வரை நடந்தது. கச்சேரி, வகுப்பு இரண்டும் அந்த ஒரே இடத்தில்தான். நீங்கள் பார்த்த எண் மெட்டும் எனக்குப் பாடமாகத்தான் தெரிகிறது.