கலைச்சொல் இழை: வார்ம் ஒயிட், கூல் ஒயிட் – தமிழில் என்ன?

கயல் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். வீட்டு உள் அலங்காரம் படிக்கும் பிள்ளைகளுக்காகச் சுவர் நிறமும் விளக்கும் பற்றி ஒரு பாடக் குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெயிண்ட் வரைக்கும் வண்டி ஓடிவிட்டது, எல்.இ.டி. பெட்டியில் போட்டிருக்கும் வார்ம் ஒயிட் (மஞ்சள் சாய்ந்த வெள்ளை), கூல் ஒயிட் (நீலம் சாய்ந்த வெள்ளை) என்ற இடத்தில் நின்றுவிட்டது. பழைய குறிப்பில் ‘சூடான வெள்ளை’, ‘குளிர்ந்த வெள்ளை’ என்று இருக்கிறது. அதைப் படித்த ஒரு பையன், “அப்ப சூடான வெள்ளை போட்டா ஏசி பில் கூடுமா மேடம்?” என்றான். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

கருவூரான் எழுதியது:

அன்புள்ள கயல் அம்மா, வெளியே தேட வேண்டியதில்லை. வெம்மை + வெயில் ‘வெவ்வெயில்’ ஆவது போல, வெம்மை + வெண்மை = வெவ்வெண்மை. எதிர்ச்சொல் தண்வெண்மை. வெம்மை என்றால் எரிச்சல்தான் என்று அஞ்ச வேண்டாம். ‘வெம்மை வேண்டல்’ என்பது தொல்காப்பிய உரியியல். விரும்பத்தக்கது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

சுடர் எழுதியது:

ஐயா, எலெக்ட்ரிக் கடையில் நின்று ‘வெவ்வெண்மை’ என்று கேட்டால் கடைக்காரர் மூக்கடைப்பா என்று விசாரிப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. பெட்டியில் வார்ம் ஒயிட்டுக்கு 2700 அல்லது 3000 கெல்வின், கூல் ஒயிட் என்று நாம் சொல்லும் கூல் டேலைட்டுக்கு 6500 கெல்வின் என்று இருக்கும். அதாவது ‘சூடான’ வெள்ளைக்குக் குறைந்த வெப்பநிலை! இரும்பைக் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் காய்ந்தால் வெளுக்கும். அளவுகோல் அந்தக் கணக்கில் வந்தது. மெழுகுவர்த்திச் சுடர் 1900 கெல்வின் பக்கம், குண்டு பல்பின் இழை 2700. எல்.இ.டி.யில் அப்படி எதுவும் காய்வதில்லை. ‘இந்த வெப்பநிலையில் காய்ந்த பொருளின் ஒளிபோலத் தெரிகிறது’ என்ற ஒப்பீடு மட்டுமே. பெயரிலும் சூடு, எண்ணிலும் சூடு, இரண்டும் எதிரெதிர்த் திசையில் என்றால் பிள்ளைகள் குழம்பாமல் என்ன செய்வார்கள்? வெப்பத்தை எண்ணோடு விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறத்தைப் பெயரில் வையுங்கள்.

வல்லை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். முதலிலை, பாடக் குறிப்பிலை பல்பு எண்டு எழுதாதேங்கோ கயல், மின்குமிழ் எண்டு எழுதுங்கோ. எங்கட பக்கம் அதுதான் வழக்கம்.

மற்றது, வார்ம் எண்டது குளிர் நாட்டுக்காரன்ர சொல். நான் இருக்கிறது ரொறன்ரோவிலை. மாசியிலை பனிக்குள்ளாலை நடந்து வந்து கதவைத் திறக்க, மஞ்சள் வெளிச்சத்தைக் கண்டால் உடம்பே சூடேறின மாதிரி இருக்கும். வல்வெட்டித்துறையிலை சித்திரை மாதம் ஆருக்கு வேணும் வெம்மை?

கயல் எழுதியது:

வல்லை அண்ணா சொன்னது வகுப்பிலும் நடக்கிறது. ‘கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்’ என்று கேட்டு வருகிறவருக்கு, பெயரைப் பார்த்துக் கூல் ஒயிட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ராத்திரி அவர் வீட்டு ஹால் மருந்துக்கடை போல இருக்கிறது. அவர் கேட்ட குளிர்ச்சி 3000 கெல்வினில் இருந்தது! சந்தன நிறச் சுவர் என்றால் அந்த ஒளியில் இன்னும் செழிக்கும். வெளிர் நீலச் சுவர்தான் சாம்பல் பூத்துவிடும். பெயிண்ட் வாங்கும் முன்பே விளக்கைத் தீர்மானிக்கச் சொல்வது அதனால்தான்.

மின்குமிழ் அழகாக இருக்கிறது. ஆனால் இங்கே பிள்ளைகள் சோப்புக் குமிழி என்று நினைப்பார்கள். மன்னியுங்கள்.

கருவூரான் எழுதியது:

நிறம்தான் வேண்டும் என்றால் நிறத்துக்கே உரிய சொல் இருக்கிறதே. ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’: குரு, கெழு இரண்டும் நிறத்தைக் குறிக்கும் என்கிறது அதே உரியியல். நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை விளக்கில் நெய் சொரிந்து, பருத்த திரி கொளுத்த, ‘குரூஉத்தலை நிமிர் எரி’, அதாவது நிறம் மிக்க தலையோடு நிமிர்ந்த சுடர், எழுகிறது. அந்த அரண்மனை வெளிச்சம் உங்கள் 2700க்கும் கீழே. ஆகவே குருவெண்மை. ‘குருதி’யும் இவ்வேரே என்பது என் துணிபு. ‘குருத்து’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

இளவேனில் எழுதியது:

ஐயா, இன்றைக்குக் குரு என்றால் வேர்க்குரு. வெயிலைத் துரத்திவிட்டு வேர்க்குருவைக் கூப்பிட்ட கதையாகிவிடும் :-)

பொன்வெண்மை, நிலவெண்மை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சுடர் எழுதியது:

பொன்வெண்மைக்குக் கை தூக்குகிறேன். நிலவெண்மை ஆகாது. நிலா நீலமாகத் தெரிவது மங்கல் வெளிச்சத்தில் நம் கண் செய்யும் வேலை. அளந்தால் நிலவொளி ஏறத்தாழ 4100 கெல்வின். வெயிலைவிடச் சற்றுச் சிவப்பு.

பெட்டியிலேயே டேலைட் என்றுதானே போட்டிருக்கிறான்? பகல்வெண்மை என்று வையுங்கள். அதில் ஒரு பயனும் உண்டு. 1941இல் டச்சுக்காரர் குரைட்ஹோஃப் ஒரு வரைபடம் போட்டார்: நீலம் ஏறிய வெள்ளை, வெளிச்சம் நிறைய இருந்தால்தான் பிடிக்கும், மங்கலாக எரிந்தால் சோகம் கட்டும். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும், படுக்கையறையில் 6500ஐ டிம்மரில் குறைத்துப் பார்த்தவருக்கு அவர் சொன்னது புரியும். பகல் என்ற பெயர் சமையல் மேடைக்கும் படிக்கும் மேசைக்கும் தானே வழிகாட்டும்.

இன்னொன்று: இரண்டு விளக்கும் 3000 கெல்வினாக இருந்தும் ஒன்றில் பட்டுப்புடவை சிவப்பாகவும் மற்றதில் செங்கல்லாகவும் தெரியலாம். அது நிறங்காட்டு எண் (ஆங்கிலத்தில் CRI). உச்சம் 100, பீரோ பக்கம் 90க்கு மேல் வாங்கச் சொல்லுங்கள். அந்தச் சொல்லையும் இங்கே இழுத்துவிட வேண்டாம், வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

வல்லை எழுதியது:

பின்னேரம் நாலு மணிக்கும் பகல்தான், நடுமத்தியானமும் பகல்தான். எந்தப் பகல்? எனக்கு நிலவெண்மைதான் விருப்பம். ஆனால் சண்டை பிடிக்கேல்லை.

கயல் எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். 2700–3000 பொன்வெண்மை, 4000 நடுவெண்மை, 6500 பகல்வெண்மை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெட்டியில் உள்ள பெயரும் கெல்வின் எண்ணும் இருக்கும். கடையில் அதைக் காட்டித்தானே வாங்க வேண்டும்? நடுவெண்மையை நானே போட்டுவிட்டேன், யாரும் கேட்காததால். எல்லோருக்கும் நன்றி.

கருவூரான் எழுதியது:

பெரும்பான்மைக்குத் தலை வணங்குகிறேன், உடன்படவில்லை. பொன் என்பது உலோகப் பொதுப்பெயர். கரும்பொன் இரும்பு, வெண்பொன் வெள்ளி. பொன்வெண்மை என்றால் வெள்ளியின் வெண்மை என்று ஒருவன் கொண்டால் அவனை எப்படி மறுப்பீர்கள்? அடுத்த பதிப்பில் வெவ்வெண்மையை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கக் கோருகிறேன். ‘குருத்து’ மடல் நாளை வரும்.