ஆயில் ஒழுகி ஓடிய எம்எக்ஸ்-5: இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதா, மாற்றுவதா?

பின்சக்கரம்:

1996 மஸ்டா எம்எக்ஸ்-5 கார், 1.8 லிட்டர் இன்ஜின். குற்றவாளி நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் தேட வேண்டாம்.

ஞாயிறு நானே ஆயில் மாற்றினேன். இந்த வண்டியில் ஆயில் ஃபில்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பார்த்துச் செய்கிற வேலை இல்லை. முழங்கை வரை உள்ளே விட்டுத் தடவித் தடவித்தான் கழற்ற வேண்டும். கழற்றினேன், புதியதை மாட்டினேன். பழைய ஃபில்டரின் ரப்பர் வாஷர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேலேயே புதியது போய் உட்கார்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. இரண்டு நாள் கழித்து நெடுஞ்சாலையில் 4,500 ஆர்பிஎம்மில் போகும்போது வாஷர் பிதுங்கிவிட்டது.

நீளமான ஒரு வளைவில் ஆயில் பிரஷர் முள் சட்டென்று படுத்தது. வளைவு முடிந்ததும் பழையபடி நடுவில் வந்து நின்றது. மீட்டர்தான் கோளாறு என்று நினைத்தேன். கூடவே டிக் டிக் சத்தம். இந்த இன்ஜினில் வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் தட்டுவது பிறவிக்குணம், அதனால் அதையும் விட்டேன். ஆறேழு நிமிடத்தில் டிக் டிக் போய் டொக் டொக் என்று ஆனது. ஓரம் கட்டி டிப்ஸ்டிக்கை உருவினால் நுனிகூட நனையவில்லை. வண்டியின் அடிப்பக்கம் முழுக்க ஆயிலில் குளித்திருந்தது.

இரண்டாவது முட்டாள்தனம்: 4 லிட்டர் ஊற்றி, அரை நிமிடம் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தம் போகவில்லை. ஆக்ஸிலேட்டரை விடும்போது இன்னும் பலமாகக் கேட்டது.

மூன்று பேரிடம் காட்டினேன். முதல் ஆள் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர்களின் அழுத்தம் பார்த்தார்: 172, 170, 165, 170 பிஎஸ்ஐ. “கம்ப்ரஷன் ஜம்மென்று இருக்கிறது, பேரிங் மட்டும் மாற்றினால் போதும்” என்றார். அடுத்தவர் ஃபுல் இன்ஜின் வேலை என்று ஒரு எஸ்டிமேட் கொடுத்தார். நான் வண்டி வாங்கிய விலையில் பத்தில் ஏழு பங்கு. மூன்றாமவர், அந்த எஸ்டிமேட்டில் மூன்றில் ஒரு பங்குக்குப் பழைய இன்ஜின் ஒன்று மாட்டித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

—

கடைமடை:

இன்ஜினின் கிராங்க் தண்டைத் தேய்த்துச் சரிசெய்யும் கிராங்க் கிரைண்டிங்தான் என் பிழைப்பு. உங்களைப் போன்றவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறீர்கள், வெட்கப்பட வேண்டாம்.

முதல் ஆளை மறந்துவிடுங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் பிஸ்டன் ரிங்கையும் வால்வையும் பற்றித்தான் பேசும். பேரிங் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கால்வலிக்குக் கண்ணைச் சோதித்த கதை. போதாததற்கு, இந்த வண்டியில் முன் சப்ஃபிரேம் என்கிற அடிச்சட்டத்தை இறக்காமல், ஆயில் தேங்கும் சம்ப் கழலாது. அவ்வளவு தூரம் போகிறவர் இன்ஜினை வெளியே எடுத்துவிடுவதே நல்லது. “பேரிங் மட்டும்” என்பது கேட்க இனிமையான பொய்.

நடந்தது என்ன என்று பாருங்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சி ஃபில்டருக்கு அனுப்பும். அங்கிருந்து கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு. மெயினைத் தாண்டி, கிராங்குக்குள் போட்டிருக்கிற துளை வழியாகத்தான், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குக்கு வரும். அதாவது ராட் பேரிங் வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த வயல்தான். வளைவில் முள் படுத்ததும் இதனால்தான்: சம்பில் மிச்சமிருந்த ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது. 4,500 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 75 சுற்று. கிராங்குக்கும் பேரிங்கின் தகடான ஷெல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. அதில் ஆயில் படலம் இல்லாமல் ஆறேழு நிமிடம் ஓடியிருக்கிறது.

செலவைத் தீர்மானிப்பது சத்தம் இல்லை, மூன்று இடங்கள். முதலாவது கிராங்க் ஜர்னல், அதாவது பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி. நகத்தால் கீறிப் பார்த்தால் பள்ளம் தட்டுகிறதா, நீலம் பாய்ந்திருக்கிறதா? லேசான கீறல் என்றால் 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து, அதற்கேற்பத் தடித்த அண்டர்சைஸ் ஷெல் போடலாம். மொத்த பில்லில் அது சின்னத் தொகை. நீலம் பாய்ந்திருந்தால் விரிசல் சோதனை கட்டாயம். விரிசல் தெரிந்தால் அந்தக் கிராங்க் காயலான் கடைக்கு. அடுத்தது ராடின் பெரிய கண், கிராங்கைப் பிடிக்கும் வளையம். ஷெல் உள்ளே சுழன்றிருந்தால் கண் வட்டம் கெட்டிருக்கும். ராடை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கண்ணை மறுபடி வட்டமாக்கி ரீசைஸ் செய்ய வேண்டும்.

மூன்றாவதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதமாட்டார்கள்: சிலிண்டர் ஹெட். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தனி ஷெல்லில் ஓடுவதில்லை, ஹெட்டின் அலுமினியத்திலேயே ஓடுகிறது. அங்கே கீறியிருந்தால் ஷெல் மாற்றித் தப்பிக்க முடியாது, ஹெட்டே போச்சு. திறப்பதற்கு முன்பே உறுதியான தொகை சொல்கிறவர், இந்த மூன்றும் கெட்டதாக வைத்துக் கணக்குப் போட்டிருப்பார், இல்லையென்றால் மூன்றும் நல்லதாக. இரண்டாவது ஆசாமியிடம் போய், தொகைக்குள் கிராங்கும் ஹெட்டும் அடக்கமா என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் செலவில்லாத வேலை ஒன்று. ஃபில்டரைப் பக்கவாட்டில் அறுத்து உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் பிடியுங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தம் காட்டுங்கள். ஒட்டாத செம்பு நிறத் துகள் ஷெல்லுடையது. ஒட்டினால் இரும்பு, அது நல்ல செய்தி இல்லை.

—

அரைவட்டம்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. சகோ, உங்கள் மீட்டர் மேல் பழி போட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. எம்எக்ஸ்-5இல் 1994 வரை வந்தவற்றில்தான் உண்மையான பிரஷர் மீட்டர். 1995 முதல் அது வெறும் சுவிட்ச். கொஞ்சம் பிரஷர் இருந்தாலே முள் நடுவில் நிற்கும், இல்லையென்றால் கீழே விழும். நடுவில் நின்றது என்பதால் பிரஷர் சரியாக இருந்தது என்று அர்த்தமில்லை. விழுந்த அந்த ஒரு நொடிதான் அது உண்மை பேசிய நொடி. என்னுடையதில் நிஜ சென்சார் மாட்டிவிட்டேன். ஐடிலில் முள் இறங்குவதைப் பார்த்து முதல் வாரம் தூக்கமே வரவில்லை, அது வேறு கதை.

எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமானால், சத்தம் வரும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது சத்தம் அமுங்குகிறதோ அதுதான். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கடைமடை:

தம்பி, தயவுசெய்து வேண்டாம். ஏற்கெனவே அரை நிமிடம் ஓட்டியிருக்கிறார். இன்னும் நாலு முறை ஸ்டார்ட் செய்தால் கிரைண்டிங்கில் முடிவது கிராங்க் மாற்றுவதில் போய் நிற்கும். எந்த சிலிண்டர் என்பதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

—

இரண்டாம்கை:

நான் பழைய இன்ஜின் கட்சி. எம்எக்ஸ்-5 பத்து லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி, இன்ஜினுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலிவு என்று சொல்லும் தொகையில் எதைச் சேர்க்கவில்லை என்று பாருங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பின் ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டாக வேண்டும். மாட்டியபின் சீல் ஒழுகினால் அழுகைதான் வரும். கிளட்ச் தட்டும் கையோடு. இவற்றைக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய பாதிக்கு வந்துவிடும். அப்போதும் உள்ளே இருப்பது யாரோ ஓட்டிய, யாரோ ஆயில் மாற்றிய இன்ஜின்.

வால்வ் கவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே தேன் நிறத்தில் இருந்தால் பேசலாம், தார் மாதிரி அப்பியிருந்தால் நடையைக் கட்டுங்கள். 1999க்குப் பிந்தைய இன்ஜினைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நல்ல இன்ஜின்தான், லிஃப்டர் தட்டாது, ஆனால் சென்சார் அமைப்பு வேறு. ஒயரிங் தெரிந்தவர் இல்லாமல் கையை வைக்காதீர்கள்.

—

பின்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

ஃபில்டரை அறுத்தேன். காகித மடிப்புகளில் செம்புத் தூள், கல்யாணப் பட்டுச் சேலைக் கரை மாதிரி. காந்தத்தில் ஒட்டவில்லை. இன்ஜினைத் தூக்கும் ஹாய்ஸ்ட் ஒன்றை நண்பரிடம் வாங்கி வைத்து இன்ஜினை நாங்களே இறக்கினோம், இரண்டு விடுமுறை போயிற்று. எஸ்டிமேட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏற்றி இறக்கும் கூலிதான், அது மிச்சம்.

மூன்றாவது ராட் ஷெல்லின் மேல்பூச்சு சுத்தமாகப் போய்ச் செம்பு பல்லிளித்தது. அதற்கான ஜர்னலில் நகம் தட்டியது. மற்ற மூன்றும் மங்கியிருந்தன, அவ்வளவுதான். விரிசல் இல்லை. நான்கு ராட் ஜர்னலையும் 0.25 கிரைண்ட் செய்தாயிற்று. ஷெல் சுழலவில்லை, ஆனாலும் அந்த ராட் சூட்டில் நிறம் மாறியிருந்தது. எடை பார்த்து வேறொன்று போட்டோம். சிலிண்டர் சுவர் நன்றாக இருந்ததால் அதை லேசாகத் தேய்க்கும் ஹோனிங், புது ரிங், அத்தோடு சரி. கேம் ஓடும் இடத்தைத் திறக்கும்போது சாமியைக் கும்பிட்டேன். கீறல் இல்லை. லிஃப்டர் பதினாறையும் கழற்றிக் கழுவினேன். ஆயில் பம்ப் புதிது.

கணக்கு இன்னும் முடியவில்லை, வண்டி விலையில் பாதியைத் தொடும் போலிருக்கிறது. பழைய இன்ஜின் போட்டிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடிந்திருக்கும், என் இரண்டு விடுமுறையும் மிச்சமாகியிருக்கும்.

அந்த வாஷர்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வந்தன. ஒன்று முழு வட்டம், இன்னொன்று ஒரு பக்கம் நாக்கு மாதிரி வெளியே தள்ளியிருந்தது. அடுத்த வாரம் ஸ்டார்ட் செய்யப் போகிறேன். எதையாவது மறந்திருக்கிறேனா?

—

கடைமடை:

கிராங்கின் ஆயில் துளைகளைக் கம்பிப் பிரஷ் விட்டுக் கழுவினார்களா என்று கேளுங்கள். கிரைண்டிங் தூள் உள்ளே உட்கார்ந்திருந்தால் புது ஷெல் ஒரு மாதம் தாங்காது. ஆயில் கூலர் இருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். துகள் உள்ளே எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வழியே கிடையாது.

புது பம்பை மாட்டும்போது உள்ளே வாஸ்லைன் அடைத்து மாட்டுங்கள், காய்ந்த பம்ப் உறிஞ்சாது. பிளக் நான்கையும் கழற்றி, முள் ஏறும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றவிடுங்கள். விட்டு விட்டு, ஸ்டார்ட்டர் சூடாகாமல். அரை மணி ஓடியதும் ஆயிலை இறக்கிவிட்டு ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.