புதுப்பிப்பு: போர்வெல் வேலைக்கு பொலேரோ பிக்கப்

போர்வெல் (ஆழ்துளைக் கிணறு) மோட்டார் தூக்கி இறக்கும் வேலைக்கு எங்கள் பொலேரோ பிக்கப்பில் என்னென்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை கூட்டச் சொன்னவர்கள்தான் அதிகம். இப்போது வண்டி தயாராகி காடு காடாய்ப் போய் வருகிறது.

பட்டை கூட்டவில்லை. கூட்டினால் பின்பக்கம் தாழாது, சரி. ஆனால் ஆர்சியில் போட்டிருக்கும் மொத்த எடை அதனால் ஏறிவிடாது. 2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. காலியாகப் போகும்போது குதிக்கிற குதியில் முதுகும் போகும். அதற்குப் பதில் செயின் பிளாக் (பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பி), ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் கேபினை ஒட்டி வைத்துவிட்டோம். பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறது, ஸ்டியரிங் லேசாவதில்லை.

முன்னால் கிராஷ் கார்டு (பம்பருக்கு முன் மாட்டும் இரும்புத் தடுப்பு) கிடையாது. 2017லேயே மத்திய அரசு வேண்டாம் என்றுவிட்டது.

காசு போனது கரண்டுக்குத்தான். இரும்பு அறுக்கும் 1,000 வாட் கிரைண்டர் வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் இழுக்கும். இன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் நூறை நெருங்கும். அதனால் தனி பேட்டரி, நடுவில் ஐசொலேட்டர் (இரண்டு பேட்டரியையும் பிரித்து வைப்பது), பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ். தடித்த ஒயர் தகட்டு ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எங்கள் வண்டியில் போடாமலே விட்டிருந்தார்கள், தகட்டு விளிம்பு ஒயர் தோலைச் சீவத் தொடங்கியிருந்தது.

டயர் இன்னும் பழசுதான். ஐப்பசி மழைக்கு முன்னால் மாற்றணும்.