புதுப்பிப்பு: முக்கடல் கூட்டத்துக்குப் பதில் அம்மாவை எங்கே கூட்டிப்போனேன்

நாகர்கோவிலிலிருந்து ஒரு நாள் பயணம், கன்னியாகுமரி கூட்டம் வேண்டாம், அம்மாவுக்கு 64 வயது, எங்கே போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"மார்த்தாண்டத்திலிருந்து சிதறாலுக்குத் திரும்புங்கள்" என்ற யோசனையைத்தான் எடுத்துக்கொண்டோம். சிதறால், பழைய சமணச் சிற்பங்கள் இருக்கும் ஒரு குன்று. ஆனால் திருப்பத்தைத் தவறவிட்டு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ரோட்டில் போய்விட்டோம். வழி கேட்க நிறுத்திய இடத்தில் ஒரு பாட்டி, "வழி மாறிட்டோ மக்களே?" என்று கேட்டு, உட்காரவைத்து அக்கானி (பதநீர்) கொடுத்தார். அப்போதுதான் இறக்கியது. பணம் நீட்டினேன், வாங்கவே இல்லை. அம்மா தன் சின்ன வயதுப் பனங்காட்டைப் பற்றி அவரிடம் அரை மணி நேரம் பேசினார். எனக்கே தெரியாத கதைகள் அவை!

அப்புறம் சிதறால். மேலே வரை கல் பாவிய பாதை. நிழல் உண்டு, அம்மா நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், 9-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு. சமணர் இடமாக இருந்தது பின்னாளில் பகவதி கோயிலானதாம்.

பள்ளத்தாக்குக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் போனோம். 1966-இல் கட்டியது, 115 அடி உயரம். அம்மா பாதி வரைதான் வந்தார்.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் தாழ்ந்தபின் ஏறுங்கள். அடுத்த வாரம் அந்தப் பாட்டியைப் பார்க்க மறுபடி போகிறோம்.