டிஎஃப் 201 என்கிறது, டியூ 63 என்கிறது: மீதி 138 ஜிபி எங்கே போயிற்று?

மண்டபம் எடைமேடை:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நண்டும் கணவாயும் வாங்கிப் பதப்படுத்தி அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுவது என் வேலை. கணினி என்ற பெயரில் எது பழுதானாலும் அதுவும் என் தலையில்தான் விழும் என்பதால், டெபியன் லினக்ஸில் ஓடும் எங்கள் சர்வரையும் நானே பார்த்துக்கொள்கிறேன். எடைமேடையின் பில்களும் நான்கு குளிரறைகளின் வெப்பநிலைப் பதிவும் அதில்தான் இருக்கின்றன. உள்ளே 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. இரவு பேக்கப்புக்காக யூஎஸ்பியில் 1 டிபி டிஸ்க் ஒன்று. கைப்பேசியில் தமிழில் தட்டுவதால் கட்டளைகளையும் தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று விடியற்காலை நான்கரை மணிக்கு, நாட்டுப்படகுகள் கரை சேர்ந்து கூடைகள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டியிருந்த நேரத்தில், பில் போடும் மென்பொருள் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்று காட்டி நின்றுவிட்டது. மீனவர்களுக்குத் துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

டிஸ்க்கில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப் ஹைஃபன் எச்’ கொடுத்துப் பார்த்தேன். ரூட் பார்ட்டிஷனின் (சர்வர் ஓடும் முதன்மைப் பகுதியின்) அளவு 212 ஜிபி, பயன்பட்டது 201, மிச்சம் 0, 100 சதவீதம் என்று வந்தது. எந்தக் கோப்பு அடைத்திருக்கிறது என்று, கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூவால் தேடியபோது, குளிரறை லாக் (பதிவுக் கோப்பு) ஒன்று மட்டும் 91 ஜிபிக்கு வளர்ந்திருப்பது தெரிந்தது. கள்ளனைப் பிடித்துவிட்டோம் என்று அதை ஆர்எம் கொடுத்து அழித்தேன். அழித்த பிறகு டியூ காட்டும் மொத்தம் 154-இலிருந்து 63 ஆகக் குறைந்துவிட்டது, ஆனால் டிஎஃப் இன்னும் 201-லேயே நிற்கிறது. ஒரே டிஸ்க்கை இரண்டு கட்டளைகளும் இப்படி வேறுவேறாக அளந்தால் நான் எதை நம்புவது?

இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. 212-இல் 201 போனால் 11 மிஞ்ச வேண்டும், மிச்சம் 0 என்று ஏன் வருகிறது? 240 என்று சொல்லி விற்ற டிஸ்க் 212 என்று காட்டுவது கடைக்காரர் செய்த கோளாறா?

தொண்டிக்காரன்:

வணக்கம். யூனிக்ஸில் ஆர்எம் என்பது கோப்பை அழிப்பதில்லை, அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) அதன் பெயரை நீக்குகிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்பை ஏதாவது ஒரு புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்திருக்கும்வரை அது பிடித்திருக்கும் பிளாக்குகள், அதாவது டிஸ்க் இடம், விடுபடாது. டியூ பெயர்களைப் பிடித்துக்கொண்டு அடைவு அடைவாக நடந்து கூட்டுவதால் பெயர் போன கோப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. டிஎஃப், டிஸ்க்கில் இடத்தை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டத்தையே நேராகக் கேட்பதால் அதற்குத் தெரியும். இரண்டுமே பொய் சொல்லவில்லை.

ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக) இருந்துகொண்டு ‘எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல் 1’ கொடுங்கள். பெயர் நீக்கப்பட்டும் திறந்தே இருக்கும் கோப்புகள் மட்டும் வரும், பக்கத்தில் ‘டெலீட்டட்’ என்றும் இருக்கும். சாதாரணப் பயனராகக் கொடுத்தால் உங்களுடைய புரோசஸ்களை மட்டும் காட்டிவிட்டு ஒன்றுமில்லை என்பதுபோல் முடிந்துவிடும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எந்தப் புரோசஸ் என்று தெரிந்ததும் அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் அந்த நொடியே திரும்பி வரும்.

ஒரு நிமிட வேலையாக ‘டிஎஃப் ஹைஃபன் ஐ’ என்பதையும் பார்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு கடையின் கேமரா சர்வரில் பாதி டிஸ்க் காலியாக இருந்தபோதே இதே பிழைச் செய்தி வந்தது. அசைவு தெரியும்போதெல்லாம் எடுத்த சின்னச் சின்னப் படங்கள் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்பேட்டு இடம்) முழுவதையும் தின்றிருந்தன. இஎக்ஸ்டி4 என்ற ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 16384 பைட்டுக்கு ஓர் ஐநோடு என்ற கணக்கில் ஃபார்மேட் செய்யும்போதே ஒதுக்கிவிடுகிறது, அந்த விகிதத்தைப் பின்னால் மாற்ற முடியாது. உங்கள் பார்ட்டிஷனில் ஏறத்தாழ 1 கோடியே 41 லட்சம் இருக்கும் என்பதால் இது உங்கள் சிக்கலாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

பழைய யூனிக்ஸ்:

தம்பி, தொண்டிக்காரர் சொன்ன காரணம் சரி, ஆனால் ரீஸ்டார்ட் மட்டும் இப்போது செய்துவிடாதீர்கள். நீங்கள் அழித்தது வெப்பநிலைப் பதிவு. உறைய வைத்த மீன் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்தது என்பதற்கு, வாங்குபவர் கேட்கும் நாளில் நீங்கள் எடுத்து நீட்ட வேண்டிய சான்றே அந்தக் கோப்புதான். புரோசஸ் நின்றதும் அது நிஜமாகவே போய்விடும். சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் அதே கதிதான். இந்த நிமிடம்வரை அது உயிரோடு இருக்கிறது.

எல்எஸ்ஓஎஃப் காட்டும் வரியில் புரோசஸின் எண்ணும் எஃப்டி என்ற பத்தியில் ஒரு சிறிய எண்ணும் இருக்கும். உதாரணத்துக்கு அவை 812, 5 என்று வைத்துக்கொள்வோம். ப்ராக் என்ற அடைவுக்குள் 812, அதற்குள் எஃப்டி, அதற்குள் 5 என்று போனால் பெயரிழந்த கோப்பை அங்கிருந்தே படிக்கலாம். அதை யூஎஸ்பி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 91 ஜிபிக்கு வெப்பநிலை எழுதியிருக்க வாய்ப்பில்லை, ஏதோ ஒரு பிழை வரி திரும்பத் திரும்ப விழுந்திருக்க வேண்டும். அது எது என்று முதலில் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு, ‘க்ரெப் ஹைஃபன் வி’ கொண்டு அந்த வரியைத் தள்ளிவிட்டு மீதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

நகல் சரியாக இருக்கிறது என்று திறந்து பார்த்த பிறகு, அதே ப்ராக் பாதைக்கு, கோப்பைக் காலியாக்கும் ‘ட்ரங்கேட் ஹைஃபன் எஸ் 0’ கொடுத்தால், புரோசஸை நிறுத்தாமலே இடம் விடுபடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மென்பொருள் அந்தக் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கோப்பின் முடிவில் சேர்ப்பதாக) திறந்திருந்தால் அடுத்த வரி தொடக்கத்திலிருந்து விழும். அப்படித் திறக்கவில்லை என்றால், விட்ட இடமான 91 ஜிபிக்கு அப்பால் போய் எழுதும், முன்னால் உள்ளதெல்லாம் வெறும் ஓட்டையாக நிற்கும். அளவைக் கேட்டால் 91 என்று சொல்லும், டிஸ்க்கில் இடம் பிடிக்காது. அதைக் கண்டு மறுபடி பதறிவிடாதீர்கள்.

காணாமல் போன அந்த 11 ஜிபியை விழுங்கியவர் யாரும் இல்லை. இஎக்ஸ்டி4 ஐந்து சதவீதத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கும். டிஸ்க் நிறைந்தபோதும் நீங்கள் உள்ளே நுழைந்து கட்டளை கொடுக்க முடிந்தது அந்த ஒதுக்கீட்டின் தயவால்தான். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் ஃபைல் சிஸ்டமான யூஎஃப்எஸ்ஸில் இது எட்டு சதவீதம். அங்கே ரூட் அதற்குள்ளும் எழுதினால் டிஎஃப் 100-ஐத் தாண்டிய சதவீதத்தைக் காட்டும், புதிதாகப் பார்ப்பவர் கணக்கே தப்பு என்று நினைப்பார்.

கடைக்காரர் மேலும் குற்றமில்லை. உற்பத்தியாளர் 1 ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், டிஎஃப் ஹைஃபன் எச் 1024-இன் மடங்காக எண்ணுகிறது. அந்த அளவுகோலில் 240 என்பது 223.5 ஆகிவிடும். ஸ்வாப்புக்கு (நினைவகம் போதாதபோது பயன்படும் இடத்துக்கு) 8 கொடுத்திருப்பீர்கள், ஐநோடு அட்டவணைக்கும் ஜர்னலுக்குமாக (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பகுதி) சுமார் 4 போயிருக்கும், மீதிதான் உங்கள் 212.

மண்டபம் எடைமேடை:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்தபோது ரீஸ்டார்ட் கட்டளையைத் தட்டி முடித்து எண்டரை அழுத்தாமல் இருந்தேன். மிக்க நன்றி.

குளிரறைப் பதிவு மென்பொருள்தான் கோப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் அறையின் சென்சார் பதில் தரவில்லை என்ற ஒரே வரி, நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, ஏறக்குறைய மூன்று வாரமாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு நகலெடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முடிவில் மிஞ்சிய உண்மையான பதிவு வெறும் 7 எம்பி. 91 ஜிபி சக்கையில் 7 எம்பி சாறு. பிறகு ட்ரங்கேட் கொடுத்ததும் டிஎஃப் 201-இலிருந்து 110-க்கு இறங்கியது, பில் மென்பொருளும் ஓடத் தொடங்கிவிட்டது. ஐநோடு பயன்பாடு 9 சதவீதம்தான்.

ஆனால் டியூ இன்னும் 63 என்றே சொல்கிறது. 110-க்கும் 63-க்கும் நடுவில் 47 ஜிபி எங்கே? எல்எஸ்ஓஎஃப் இப்போது வேறு எதையும் காட்டவில்லை.

கீழக்கரை அட்மின்:

அந்த யூஎஸ்பி டிஸ்க் அண்மையில் ஏதாவது ஓர் இரவு மவுண்ட் ஆகாமல் (தனக்கான அடைவோடு இணைக்கப்படாமல்) இருந்ததா? மவுண்ட் ஆகாத நாளில் பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடினால், பேக்கப் என்ற அடைவு ரூட் பார்ட்டிஷனிலேயே ஒரு வெற்று அடைவாக இருப்பதால், எந்தப் பிழையும் சொல்லாமல் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடும். பிறகு டிஸ்க்கை மவுண்ட் செய்தால், பழைய தரைமேல் புதுப்பாய் விரித்ததுபோல் கொட்டியவை அடியில் மறைந்துவிடும். டியூ பாயின் மேல் நடக்கும், டிஎஃப் தரையையும் சேர்த்து எண்ணும்.

பில் ஓடும் நேரத்தில் அன்மவுண்ட் செய்ய வேண்டியதில்லை. எம்என்டி அடைவுக்குள் ‘அடி’ என்று ஒரு காலி அடைவு உண்டாக்கி, ‘மவுண்ட் ஹைஃபன் ஹைஃபன் பைண்ட்’ கொண்டு ரூட்டை அங்கே இன்னொரு முறை மவுண்ட் செய்யுங்கள். பைண்ட் மட்டும் கொடுத்தால் மேலே ஏறியிருக்கும் மற்ற டிஸ்க்குகள் கூட வராது, ஆகவே ‘அடி’க்குள் பேக்கப் அடைவைத் திறந்தால் வெறும் தரை தெரியும்.

வேகமாகத் தட்டு:

இவ்வளவு எதற்கு? ரூட்டுக்கான ஒதுக்கீட்டை நீக்கும் ‘ட்யூன்2எஃப்எஸ் ஹைஃபன் எம் 0’ கொடுத்தால் 11 ஜிபி உடனே கையில் வந்திருக்குமே. காலையிலேயே பில் ஓடியிருக்கும்.

பழைய யூனிக்ஸ்:

வந்திருக்கும், அதையும் அந்தப் பிழை வரி இரண்டு மூன்று நாளில் தின்று தீர்த்திருக்கும். அதன் பிறகு ரூட்டாலும் எழுத முடியாத நிலை வந்திருக்கும். பேக்கப் மட்டும் வைக்கும் பெரிய டிஸ்க்கில் ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைப்பதை நானும் செய்வேன். ரூட் பார்ட்டிஷனில் கை வைக்க மாட்டேன்.

மண்டபம் எடைமேடை:

கீழக்கரை அண்ணன் சொன்ன இடத்திலேயே 47 ஜிபியும் இருந்தது, மூன்று இரவுகளின் பேக்கப்.

நடந்தது இதுதான் என்று இப்போது விளங்குகிறது. போன மாதம் ஓர் இரவு மின்சாரம் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, சர்வர் அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. எழுந்தபோது எஸ்டிபி என்றிருந்த யூஎஸ்பி டிஸ்க் எஸ்டிசி என்று பெயர் மாறிவிட்டது. எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேபில் நான் எஸ்டிபி1 என்றும், கூடவே ‘நோஃபெயில்’ (டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதே) என்றும் எழுதியிருந்ததால், டிஸ்க் இல்லாமலே சர்வர் சத்தமின்றி ஓடத் தொடங்கியிருக்கிறது. டிஸ்க்கின் விளக்கு மினுங்கவில்லை என்று மூன்று நாள் கழித்து நான் கவனித்து, கையால் மவுண்ட் செய்துவிட்டு அதை மறந்தும்விட்டேன்.

அடியில் கிடந்தவற்றை யூஎஸ்பி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு அழித்தேன். இப்போது டிஎஃப், டியூ இரண்டும் 63 என்கின்றன, மிச்சம் 138 என்று வருகிறது. எஃப்எஸ்டேபில் பெயருக்குப் பதிலாக, மாறாத அடையாள எண்ணான யூயூஐடி போட்டுவிட்டேன். பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் நின்றுவிடச் செய்திருக்கிறேன்.

கீழக்கரை அட்மின்:

இன்னொன்றும் செய்யலாம். டிஸ்க் மவுண்ட் ஆகாத ஒரு நேரத்தில், அந்த வெற்று அடைவுக்கு ‘சிஎச்ஆட்டர் பிளஸ் ஐ’ கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு அங்கே ரூட்டாலும் ஒரு கோப்பை உண்டாக்க முடியாது, மேலே டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கும் தடை இல்லை. ஸ்கிரிப்ட்டை நாளைக்கு வேறொருவர் மாற்றி எழுதினாலும் இது காவல் இருக்கும்.

குளிரறை லாகை, லாக் கோப்புகள் அளவுக்கு மீறி வளராமல் சுழற்றும் லாக்ரொட்டேட்டில் சேர்த்துவிட்டீர்களா? அளவு வரம்பு போட்டால் மட்டும் போதாது. லாக்ரொட்டேட் நாளுக்கு ஒரு முறை ஓடுகிறதென்றால் வரம்பைப் பார்ப்பதும் நாளுக்கு ஒரு முறைதான். உங்கள் பிழை வரி ஒரு நாளில் நாலைந்து ஜிபி எழுதியிருக்கிறது, ஆகவே மணிக்கொரு முறை ஓட விடுங்கள்.

மண்டபம் எடைமேடை:

இரண்டும் செய்தாயிற்று. எலக்ட்ரீஷியனை அழைத்துப் போய் மூன்றாம் அறையின் சென்சார் வயரையும் கழற்றிப் பார்த்தோம். கனெக்டருக்குள் உப்புக்காற்று புகுந்து செம்பு முனை முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. வயரை மாற்றி, கனெக்டரைச் சுற்றி சிலிக்கான் பூசியிருக்கிறோம். அந்த மூன்று வாரத்துக்கு மூன்றாம் அறையின் பதிவு கணினியில் இல்லை. நல்லவேளையாக இரவுக் காவலர் மணிக்கொரு முறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் பழைய பழக்கத்தை விடவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது எங்களுக்கு வேலை குறையும். பெரிய டிஸ்க்குக்கு மாறுவதை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

காலையில் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுகளின் எடைகளை எல்லாம் பில்லில் ஏற்றிவிட்டேன். ஒரு சீட்டில் மட்டும் நண்டுத் தண்ணீர் பட்டு எண் கரைந்திருந்தது. அந்தப் படகுக்காரரைப் போனில் கேட்டேன். 18 கிலோ 400 கிராம் என்று அவர் யோசிக்காமல் சொன்னார், அப்படியே எழுதிக்கொண்டேன்.