எஸ்.பி.ஐ. 0.93, ஃப்ளோட் மைனஸ் 38: அறிக்கையில் எதை எழுதுவது?

பகுதிநேர_மாணவன்

வணக்கம். எம்.இ. கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மை படிக்கிறேன். புராஜெக்ட் மேனேஜ்மென்ட் பாடத்தில் கொடுத்திருக்கும் கேஸ் ஒரு கழிவுநீர் உந்து நிலையம். 14 மாத வேலை, பட்ஜெட் 6 கோடி.

6-ஆம் மாத முடிவில் பி.வி. (திட்டப்படி முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு) 2.70 கோடி, ஈ.வி. (உண்மையில் முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு) 2.52 கோடி, ஏ.சி. (உண்மைச் செலவு) 2.80 கோடி. எஸ்.பி.ஐ. (ஈ.வி. ÷ பி.வி.) 0.93, சி.பி.ஐ. (ஈ.வி. ÷ ஏ.சி.) 0.90 வருகிறது. திட்டப்படி 4-ஆம் மாதம் வரை பி.வி. 1.70, 5-ஆம் மாதம் வரை 2.15 கோடி. ஆனால் அதே தேதிக்கு அப்டேட் செய்த பிரைமவேரா (கால அட்டவணை மென்பொருள்) ஷெட்யூலில் டோட்டல் ஃப்ளோட் (முடிவுத் தேதி தள்ளாமல் ஒரு வேலை தாமதிக்கக்கூடிய நாள்) மைனஸ் 38 நாள், பாதி ஆக்டிவிட்டி சிவப்பு, அதாவது கிரிட்டிகல் (தாமதித்தால் முடிவே தள்ளிப்போகும் வேலை). வாரம் 6 நாள் காலண்டர். சேகரிப்புக் கிணற்றின் சுவர் 5 லிஃப்ட் (ஒரே தடவையில் வார்க்கும் உயர அடுக்கு), 2 முடிந்திருக்கிறது. பம்பும் பேனலும் 60 லட்சம். 9-ஆம் மாதம் வரவேண்டியவை 5-ஆம் மாதமே வந்துவிட்டன. 7 சதவீதப் பின்தங்கலா, ஒன்றரை மாதமா? மீட்புத் திட்டமும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவுக்கணக்கு

விடை உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது. பம்ப் வந்து இறங்கியதும் 60 லட்சம் முழுவதும் ஈ.வி.யில் ஏறியிருக்கிறது. 6-ஆம் மாதம் வரையிலான பி.வி.யில் அது இல்லை. கிணற்றில் விழுந்த பள்ளத்தை, ஸ்டோரில் பெட்டி பிரிக்காமல் கிடக்கும் பம்ப் நிரப்பிக் காட்டுகிறது. எஸ்.பி.ஐ. ரூபாயைத்தான் கூட்டும், எந்த வேலை கிரிட்டிகல் என்று அதற்குத் தெரியாது.

அதைக் கழித்துப் பாருங்கள். ஈ.வி. 1.92, பி.வி. 2.70, எஸ்.பி.ஐ. 0.71. ஏ.சி.யிலும் அதே 60 லட்சம் பில் ஏறியிருந்தால் 2.20 ஆகும், சி.பி.ஐ. 0.87. பம்ப் போக மீதி பட்ஜெட் 5.40 கோடியை 0.873-ஆல் வகுத்து 60 லட்சத்தைக் கூட்டினால் ஈ.ஏ.சி. (வேலை முடியும்போது ஆகும் மொத்தச் செலவு) ஏறக்குறைய 6.79 கோடி. பழைய கணக்கு 6.67 கோடி என்றுதான் காட்டும். 12 லட்சம் மறைந்திருந்தது.

இதையே நாளாக மாற்ற, 2003-இல் வால்ட் லிப்கி முன்வைத்த ஏர்ன்ட் ஷெட்யூல் முறை போதும். 1.92 கோடி வேலை திட்டப்படி எப்போது முடிந்திருக்க வேண்டும்? 4-ஆம் மாதத்துக்குப் பிறகு 0.22 கோடி, அந்த மாதத்தின் வேகம் 0.45 கோடி. ஆக 4.49 மாதம். 6-இல் கழித்தால் 1.51 மாதம் பின்தங்கல். மாதத்துக்கு 26 வேலைநாள் என்றால் 39 நாள். பிரைமவேராவின் 38-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரண்டும் சண்டை போடவில்லை, பம்ப்தான் நடுவில் நின்றது.

லாஜிக்_முதலில்

38 சரிதான் என்றாலும், "பாதி ஆக்டிவிட்டி சிவப்பு" என்பதை அப்படியே அறிக்கையில் ஏற்ற வேண்டாம். புராஜெக்டில் மஸ்ட் ஃபினிஷ் பை (இதற்குள் முடிய வேண்டும்) தேதி கொடுத்திருப்பார்கள். முடிவு அதைத் தாண்டினால் கிரிட்டிகல் அல்லாதவற்றுக்கும் நெகட்டிவ் ஃப்ளோட் வரும். பிரதி எடுத்துக்கொண்டு அந்தத் தேதியை நீக்கி எஃப்9 அழுத்தி மறுகணக்கிடுங்கள். ஷெட்யூல் ஆப்ஷனில் கிரிட்டிகலை லாங்கஸ்ட் பாத் (முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத் தொடர்) என்று மாற்றினால் உண்மையான சங்கிலி மட்டும் சிவப்பாக நிற்கும். ஷெட்யூல் லாகில் முன்னோடியோ பின்தொடர்வதோ இல்லாத ஆக்டிவிட்டிகளையும் பாருங்கள். திட்டத்தின் தொடக்கமும் முடிவும் தவிர வேறு எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

அடுத்து, லிஃப்டுக்கும் லிஃப்டுக்கும் இடையே ஃபினிஷ்-டு-ஸ்டார்ட்டில் (ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும் இணைப்பு) 7 நாள் லேக் (காத்திருப்பு) இருக்கிறதா? இப்படிப்பட்ட கேஸ்களில் பெரும்பாலும் "கியூரிங்" (நீராற்றுதல்) என்று ஒன்று போட்டிருப்பார்கள். ஐ.எஸ். 456:2000 (இந்தியக் கான்கிரீட் கோட்) சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமென்டுக்கு 10 நாள் நீராற்றச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் நீராற்றுதல் அடுத்த லிஃப்டைத் தடுக்காது. சுவரின் ஷட்டரை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம் என்பதும் அதே கோட்தான். இணைப்பில் படிந்த சிமென்ட் பாலைச் சுரண்டிக் கழுவி அடுத்த கம்பியைக் கட்டத் தொடங்கலாம். கீழே ஈரச் சாக்கு சுற்றி நீராற்றிக்கொண்டே இருக்கலாம். இடைவெளிக்கு 2 நாள் போதும். மீதி 3 லிஃப்டுக்கு முன்னால் 3 இடைவெளி, தலா 5 நாள்: 15 நாள் ஒரு ரூபாய் செலவில்லாமல் திரும்பி வரும். மைனஸ் 38, மைனஸ் 23 ஆகிவிடும்.

பகுதிநேர_மாணவன்

ரொம்ப நன்றி சார். பார்த்தேன், 7 நாள் லேக் இருக்கிறது! மீதி 23 நாளுக்குக் கிராஷிங் (கூடுதல் செலவில் வேலை நாளைக் குறைப்பது). கேஸில் உள்ளவை: இரண்டாவது ஷட்டர் செட் எடுத்தால் லிஃப்டுக்கு 12 நாள் 8 ஆகும், கூடுதல் செலவு மொத்தம் 3.6 லட்சம். பம்ப் எரெக்‌ஷன் 20 நாளை 15 ஆக்க 3 லட்சம். ரைசிங் மெயின் (உந்துகுழாய்) பதிப்பு நாளுக்கு 15,000 தான், ஆனால் லாங்கஸ்ட் பாத்தை ஒப்பிட 30 நாள் ஃப்ளோட். தாமத இழப்பீடு நாளுக்கு 30,000, சைட் மேல்செலவு 25,000. மலிவானது என்று ரைசிங் மெயினை முதலில் எடுக்கலாமா? இன்னொன்று: பள்ளம் தோண்டும்போது குறுக்கே வந்த மின் கேபிளை மாற்ற 11 நாள் நின்றது என்றும் எழுதியிருக்கிறது.

கான்ட்ராக்ட்_பொறியாளர்

ரைசிங் மெயினைத் தொடாதீர்கள். 30 நாள் ஃப்ளோட் உள்ள வேலையைச் சுருக்கினால் முடிவுத் தேதி ஒரு நாள்கூட நகராது, பணம் மட்டும் போகும். காஸ்ட் ஸ்லோப்பை (ஒரு நாள் குறைக்க ஆகும் செலவு) கிரிட்டிகல் பாத்தில் உள்ளவற்றுக்குள்தான் ஒப்பிட வேண்டும்.

ஒரு நாள் தாமதத்தின் விலை 55,000. ஷட்டர் செட் 12 நாளை மீட்கிறது, நாளுக்கு 30,000, எடுங்கள். பம்ப் எரெக்‌ஷன் நாளுக்கு 60,000. தாமதத்தைவிட விலை அதிகம், விடுங்கள். ஷட்டருக்குப் பிறகு மைனஸ் 11 மிஞ்சும். ஒவ்வொரு சுருக்கத்துக்குப் பிறகும் மறுபடி எஃப்9 போட வேண்டும்: லேக் திருத்தத்தில் 15, ஷட்டரில் 12 போனபின் ரைசிங் மெயினின் 30 நாள் ஃப்ளோட் 3 ஆகச் சுருங்கியிருக்கும். இன்னும் நான்கு நாள் இழுத்தால் அதுவே கிரிட்டிகல். மேல்செலவு 25,000-இல் நிலத்தடி நீர் இறைக்கும் பம்ப் வாடகை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரும் மேல்தளமும் போதிய எடைக்கு வரும் முன் இறைப்பதை நிறுத்தினால் காலிக் கிணறு மிதந்து எழும்பும். அதனால் அந்தச் செலவு கிணறு வேலை முடியும்வரை ஓடும்.

மிச்சமான 11 நாளும் கேபிளின் 11 நாளும் ஒரே எண் என்பதற்காக இரண்டையும் ஒட்டிவிடாதீர்கள். கேபிள் மாற்றியது அப்போதைய கிரிட்டிகல் பாத்தைத்தான் நிறுத்தியது என்று அந்த மாத அப்டேட்டில் காட்டினால்தான் கால நீட்டிப்பு நிற்கும். ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரில் (தடைப் பதிவேடு) தொடங்கிய தேதி, முடிந்த தேதி, இரு தரப்புக் கையெழுத்து வேண்டும். ஒப்பந்தம் 1999 ஃபிடிக் ரெட் புக் (சர்வதேசக் கட்டுமான ஒப்பந்த மாதிரி) என்றால் பிரிவு 20.1: தெரியவந்த 28 நாளுக்குள் நோட்டீஸ், 42 நாளுக்குள் விவரமான கிளைம். 28 தாண்டினால் காலமும் இல்லை, பணமும் இல்லை. கேஸில் கடிதத் தேதி இருக்கும், தேடிப் பாருங்கள்.

பகுதிநேர_மாணவன்

கடிதம் 19-ஆம் நாள் போயிருக்கிறது. கடைசியாக ஒன்று: அடுத்த மாதத்திலிருந்து பம்புக்கு ஈ.வி. எப்படி எடுப்பது?

செலவுக்கணக்கு

சப்ளை தனி, எரெக்‌ஷன் தனி, டெஸ்டிங் தனி என்று டபிள்யூ.பி.எஸ்.ஸில் (வேலைப் பிரிப்புப் பட்டியல்) பிரியுங்கள். சிவில் வேலையின் எஸ்.பி.ஐ.யைச் சப்ளை இல்லாமல் தனி வரியாகக் காட்டுங்கள். சுவர் லிஃப்டுக்கு "80 சதவீதம் முடிந்தது" என்ற கண்மதிப்பு வேண்டாம்: கம்பி 30, ஷட்டர் 25, கான்கிரீட் 40, நீராற்றல் முடிந்தால் 5 என்று முன்கூட்டியே எடை குறித்துவிடுங்கள். விதியை மாற்றிய அன்றே பி.வி. வளைவையும் அதே விதியில் முதல் மாதத்திலிருந்து திரும்பப் போட வேண்டும். ஈ.வி. புது விதியிலும் பி.வி. பழைய விதியிலும் இருந்தால் இப்போது பார்த்த அதே குழப்பம் வேறு ரூபத்தில் வரும். அந்த எடைப் பட்டியலை அறிக்கையின் பின்னிணைப்பாக வையுங்கள்; வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.